புது டயர் போட்டதும் ஸ்டீயரிங் ஆடுதா? அலைன்மென்ட்டுக்கு ஓடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

நண்பன் ஒருத்தன் செகண்ட் ஹேண்டில் தார் வாங்கினான். வாங்கின ரெண்டாவது மாசமே பழைய டயர்களைக் கழற்றிப் போட்டுட்டு, நாலு வீலுக்கும் புது ஆஃப்-ரோடு டயர். பில் அரை லட்சத்தைத் தாண்டிடுச்சு. கடையில் இருந்து வீடு வரைக்கும் எல்லாம் ஓகே. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்களை ஏத்திக்கிட்டு ஜி.எஸ்.டி ரோட்டில் செங்கல்பட்டைத் தாண்டி 80-ஐத் தொட்டதும், ஸ்டீயரிங் ஆட ஆரம்பிச்சது. 90-ல் கை மரத்துப்போற அளவுக்கு நடுக்கம்!

டயர் வாங்கின கடைக்கே திரும்பிப் போனான். ``அலைன்மென்ட் பண்ணிட்டா சரியாயிடும்'' என்றார்கள். பண்ணினான், சரியாகலை. வேறொரு கடை, மறுபடியும் அலைன்மென்ட். மூணாவது கடையில் ``சஸ்பென்ஷன் புஷ் போயிருக்கு, மாத்தணும்'' என்று ஒரு எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்தார்கள். அதை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ``டயரையே வித்துடலாம்னு தோணுது மச்சி'' என்றான்.

டயரையும் விற்க வேண்டாம், புஷ்ஷையும் மாற்ற வேண்டாம். இங்கே முதல் குழப்பமே அலைன்மென்ட்டுக்கும் பேலன்சிங்குக்கும் உள்ள வித்தியாசம்தான். அலைன்மென்ட் என்பது வீல்கள் எந்தக் கோணத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்ற கணக்கு. அது கெட்டால் வண்டி ஒரு பக்கமா இழுக்கும், நேரா போகும்போதும் ஸ்டீயரிங் கோணலா நிற்கும், டயர் ஒரு ஓரமாகவே தேயும். நடுக்கம் வேற. சுத்துற ஏதோ ஒண்ணு சீராகச் சுத்தலை என்று அர்த்தம். டயர் மாத்தின அன்னிக்கே நடுக்கம் ஆரம்பிச்சதுன்னா, சந்தேகப்பட வேண்டியது அன்னிக்குக் கை வைத்த இடத்தை. நேத்து வரைக்கும் நல்லா இருந்த புஷ்ஷை இல்லை.

ஆஃப்-ரோடு டயரில் இந்தப் பிரச்னை கொஞ்சம் அதிகம் தலைகாட்டுவதற்குக் காரணம் இருக்கு. சாதாரண ரோடு டயரைவிட இதில் ரப்பர் அதிகம், பக்கச் சுவர் தடிமன், கட்டைகட்டையான பட்டன்கள். மொத்த எடையும் கூடுதல். எடை கூடக் கூட, எங்கேயாவது ஒரு பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தாலும் அது பெருசாத் தெரியும். ஏ.டி எனப்படும் ஆல் டெர்ரெய்ன் டயரைச் சரியாக மாட்டினால் ஹைவேயில் அமைதியாகவே ஓடும். எம்.டி எனப்படும் மட் டெர்ரெய்ன் வேற ரகம். பட்டன்களுக்கு நடுவில் இடைவெளி பெருசு என்பதால் `ஊஊ'ன்னு சத்தமும், லேசான அதிர்வும் அதோட பிறவிக் குணம். தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு எம்.டி போட்டுட்டு `வைப்ரேஷன் வருதே'ன்னு கவலைப்படுறவங்களுக்கு பேலன்சிங் மெஷின் உதவாது.

நண்பனை எனக்குத் தெரிந்த ஒரு டயர் கடை அண்ணனிடம் கூட்டிக்கிட்டுப் போனேன். அவர் மெஷின் பக்கமே போகலை. வீல் ஸ்பேனரை எடுத்து நாலு வீலோட நட்டையும் ஒவ்வொண்ணா முறுக்கிப் பார்த்தார். பின்பக்க இடது வீலில் ரெண்டு நட்டு அரைச் சுற்று சுத்துச்சு. நண்பன் முகம் வெளுத்துப்போச்சு. ``தம்பி, இதை வெச்சுக்கிட்டா 90-ல போனீங்க?'' என்றார்.

அதனால், எந்த ஆராய்ச்சிக்கும் முன்னாடி முதல் வேலை நட்டு. நட்டு லூஸானால் வீல் ஹப்பில் சரியாக உட்காராது. ஓட ஓட இன்னும் லூஸாகும், கடைசியில் போல்ட் உடைந்து வீலே கழன்றுபோகும். ஒரு நட்டை முழுசா முறுக்கிட்டு பக்கத்து நட்டுக்குப் போகக் கூடாது. எதிரெதிர் நட்டாக, நட்சத்திர வடிவில், கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில். எவ்வளவு முறுக்கணும் என்ற அளவு உங்க வண்டியோட மேனுவலிலேயே இருக்கும். ஏர் கன்னில் `டர்ர்ர்'னு அடிச்சு அனுப்புற கடையில், `கையால ஒரு தடவை டைட் பார்த்துடுங்கண்ணே'ன்னு சொல்ல வெட்கப்படாதீங்க. வீலைக் கழற்றி மாட்டினால், 80 - 100 கி.மீ ஓட்டின பிறகு இன்னொரு தடவை செக் பண்ணணும். ஓட்டிக்கிட்டு இருக்கும்போது நடுக்கம் திடீர்னு கூடினாலோ, `டக் டக்'னு சத்தம் சேர்ந்தாலோ, அடுத்த ஊர் வரைக்கும் பார்த்துக்கலாம்னு போகாதீங்க. ஓரமா நிறுத்திட்டு நட்டைப் பாருங்க.

நட்டை முறுக்கி முடிச்சதும் அண்ணன் மூணு கேள்வி கேட்டார். எந்த வேகத்துல? எங்க தெரியுது? எப்ப வருது?

இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் வீல்கள். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் வீல்கள். 80-க்குக் கீழே அமைதியாக இருந்து, 80-லிருந்து 110-க்குள் நடுங்கினால் பேலன்சிங் மேல்தான் முதல் சந்தேகம். 30, 40-லேயே வண்டி `துள்ளித் துள்ளி' போனால் டயர் வட்டமாக இல்லை அல்லது ரிம் பெண்டு. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் அது பிரேக் டிஸ்க் சமாசாரம், டயரைத் திட்டாதீங்க. ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்தால் நின்றுவிட்டால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பக்கம் பார்க்கணும். டயரோடு சேர்த்து லிஃப்ட் கிட்டும் போட்டவங்களுக்கு இது அதிகம் நடக்கும். வண்டி உயர்ந்ததும் ஷாஃப்ட்டோட கோணம் மாறிடும். காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் அதிர்ந்து, டயர் சூடானதும் சரியாகிவிட்டால், ராத்திரி முழுக்க நின்ற இடத்தில் டயர் லேசாகத் தட்டையாகியிருக்கு, அவ்வளவுதான்.

நண்பனுக்கு வந்தது ஸ்டீயரிங்கில், 80-க்கு மேல். ``பேலன்சிங் ஏற்கெனவே பண்ணிட்டாங்கண்ணே, மெஷின்ல ஜீரோ காட்டுச்சு'' என்றான். அண்ணன் சிரிச்சார். மெஷின் ஜீரோ காட்டுவது எடை சமமாக இருக்கு என்பதற்கு மட்டும்தான். டயர் வட்டமாக இருக்கு என்பதற்கு அது சாட்சி இல்லை. வீலை மெஷினில் கோணலாக மாட்டியிருந்தால் அந்த ஜீரோவே பொய்.

முன் வீல் ரெண்டையும் கழற்றிப் பின்னாடியும், பின் வீல்களை முன்னாடியும் மாட்டச் சொன்னார். ஓட்டிப் பார்த்தோம். ஸ்டீயரிங் அமைதியாகி, நடுக்கம் சீட்டுக்கு வந்துடுச்சு! அப்போ ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் நிரபராதி. குற்றவாளி அந்த ரெண்டு வீலில் ஒண்ணு. இந்தச் சோதனைக்கு ஒரு ஜாக்கி, ஸ்டாண்டு, ஸ்பேனர் போதும். எந்த எஸ்டிமேட்டுக்கும் தலையாட்டும் முன் இதைச் செய்துடுங்க. அம்புக்குறி போட்ட டயராக இருந்தால், இடது வலது மாறாமல் அதே பக்கத்திலேயே முன்பின் மாத்தணும்.

அப்புறம் ஒவ்வொரு வீலாகத் தூக்கி, டயருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை அசையாமல் பிடிச்சுக்கிட்டுக் கையால் சுத்தினார். ஒரு டயர் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை நெருங்கி நெருங்கி விலகுச்சு. ரிம்முக்குப் பக்கத்தில் பிடிச்சுச் சுத்தினால் இடைவெளி மாறலை, அதனால் ரிம் ஓகே. ``இங்க பாருங்க'' என்று டயர் பக்கச் சுவரில், ரிம் ஓரத்தை ஒட்டி வட்டமாக ஓடும் மெல்லிய கோட்டைக் காட்டினார். ரிம்முக்கும் அந்தக் கோட்டுக்கும் இடைவெளி சுத்திலும் ஒரே அளவாக இருக்கணும். ஒரு இடத்தில் கோடு ரிம்முக்குள்ளே பதுங்கியிருந்தது. டயரோட பீடிங், ரிம்மில் முழுசாக உட்காரவே இல்லை!

தடிமனான டயரைச் சோப்புத் தண்ணீர் சரியாகத் தடவாமல் மாட்டினால் இப்படி ஆகும். காத்தை இறக்கி, பீடிங்கைத் தள்ளி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி காத்தடிச்சதும் `டப்'னு சத்தத்தோடு உட்கார்ந்தது. பிறகு பேலன்சிங். ஒரு மணி நேர வேலை. இதை மட்டும் வீட்டில் கம்ப்ரஸர் வெச்சு முயற்சி பண்ணாதீங்க. உட்காரலையேன்னு காத்தை ஏத்திக்கிட்டே போனால் டயர் வெடிக்கும்.

பீடிங் சரியாக இருந்தும் டயர் ஏறி இறங்கினால், டயரை ரிம்மில் பாதிச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்க்கலாம். அதுவும் பலிக்கலைன்னா டயர் தயாரிப்பிலேயே கோளாறு இருக்கலாம். பில்லோட போய் வாரன்ட்டி கேளுங்க. டயரோடு புது அலாயும் போட்டவங்க, நடுவில் இருக்கும் ஓட்டை ஹப்போட அளவுக்குப் பொருந்துதா, நட்டு அந்த அலாய்க்கு ஏத்த நட்டுதானா என்பதையும் பார்த்துடுங்க. ஓட்டை பெருசாக இருந்தால் இடைவெளியை அடைக்கத் தனி வளையமே விற்குது.

நண்பன் 100-ல் ஓட்டிப் பார்த்து ஹார்ட்டின் அனுப்பினான். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போன். ``மச்சி, திரும்ப ஆடுது!'' முந்தின நாள் ஏரிக்கரைச் சேற்றில் இறங்கி விளையாடியிருக்கான். ரிம்மோட உள்பக்கம் பார்க்கச் சொன்னேன். காய்ந்துபோன சேறு, கை நிறைய!

இது சின்ன விஷயம் இல்லை. 245/75 ஆர்16 அளவு டயர், 100 கி.மீ வேகத்தில் நொடிக்கு 11 தடவைக்கு மேல் சுத்தும். ரிம் ஓரத்தில் ஒட்டின வெறும் 100 கிராம் சேறு, அந்த வேகத்தில் சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வீலை வெளியே இழுக்கும். 50-ல் போனால் அது கால்வாசியாகக் குறைஞ்சிடும். ஊருக்குள் தெரியாத நடுக்கம் ஹைவேயில் தெரிவது இதனால்தான்.

ஒரு குச்சியும் தண்ணி பைப்பும்தான் அன்னிக்கு மருந்து. பிரஷர் வாஷ் பண்ணினால் மட்டும், உள்ளே ஒட்டியிருக்கும் பேலன்சிங் வெயிட் மேல் நேரா அடிக்காதீங்க. அது பிய்ஞ்சு விழுந்தால், மறுபடியும் டயர் கடைதான்.