மூன்று கைதிகளும் ஒரு தராசும்

தில்லியிலோ கொல்கத்தாவிலோ வாழும் நம்மவர்கள் தமிழ்ப் பத்திரிகையோடு அவ்வூர்ப் பத்திரிகையையும் புரட்டுவது வழக்கம். சர்வதேச மனித உரிமை ஸ்தாபனம் ஒன்றின் அறிக்கை, ஒரு பத்திரிகையில் சத்தியவாக்காகவும் மற்றொன்றில் அந்நியரின் சூழ்ச்சியாகவும் வருணிக்கப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். இந்த ஐயம் இன்று பிறந்ததன்று. அத்தகைய ஸ்தாபனங்களுள் பெயர் பெற்ற ஒன்றை அது தொடக்க முதலே தொடர்ந்து வந்திருக்கிறது.

பீட்டர் பெனன்சன் என்னும் ஆங்கில வழக்கறிஞர், 1961 மே 28 அன்று லண்டன் ‘அப்சர்வர்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்து தோன்றியது ஆம்னஸ்டி இன்டர்நேஷனல். கருத்துக்காகச் சிறைப்பட்டோரின் விடுதலை கோரி அரசாங்கங்களுக்குக் கடிதம் எழுதுவது தொடக்கத்தில் அதன் தலையாய பணியாக இருந்தது. பனிப்போர் கடுமையாக இருந்த காலம் அது. ஒரு முகாமின் கையாள் என்ற பழி நேராதிருக்க, ஒவ்வொரு குழுவும் மூன்று கைதிகளை ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று விதித்தனர்: மேற்கு நாட்டுச் சிறையில் ஒருவர், கம்யூனிஸ்ட் நாட்டுச் சிறையில் ஒருவர், இரண்டிலும் சேராத நாட்டில் ஒருவர். தன் நாட்டுக் கைதிக்காகத் தானே வாதாடலாகாது என்பது மற்றொரு விதி; இது பிற்காலத்தில் தளர்த்தப்பட்டது.

ஏற்பாடு நல்லதுதான். ஆயினும் கொடுமை உலகில் மூன்று சம பங்காகவா நிகழ்கிறது? வேறொரு சங்கடமும் உண்டு. நீதிமன்றமும் பத்திரிகையும் ஓரளவேனும் திறந்திருக்கும் நாட்டில் ஆய்வாளர் நுழையலாம், சாட்சிகளை விசாரிக்கலாம், அறிக்கையும் பருத்துவிடும். கதவடைத்த நாட்டைப் பற்றி நான்கு வரி திரட்டுவதே அரிது. பக்கங்களை எண்ணிப் பார்ப்பவரோ, திறந்த நாட்டின் மீதே இவர்களுக்குப் பகை என்று முடிவு கட்டிவிடுகிறார். கதவடைத்த நாட்டின் சிறையில் கிடப்பவனுக்குத்தான் இதில் இரட்டை நஷ்டம்.

எல்லாப் புகாரும் இப்படித் தோற்ற மயக்கம் என்று நாம் தள்ளிவிடவும் முடியாது. ஏடனில் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ்க் கைதிகள் வதைக்கப்பட்டதாக 1966-ல் ஆம்னஸ்டி குற்றம் சாட்டியது. ரொடீஷியாவின் கைதிகளுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் உதவ, அதே பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பணம் பெனன்சன் வழியாக இரகசியமாக வந்த செய்தி 1967-ல் வெளியாயிற்று. உதவி பெற்றவர்களின் துயரம் மெய்யானதே. பணத்தின் ஊற்றை மறைத்ததுதான் பிழை. அவ்வாண்டே பெனன்சன் தலைமையை விட்டு விலகினார்.

குவைத் விவகாரம் இன்னும் கசப்பானது. ஈராக்கியப் படையினர் மருத்துவமனைகளில் வெப்பப் பேழைகளிலிருந்து குறைமாதக் குழந்தைகளை வெளியே எடுத்ததால் முந்நூறுக்கு மேற்பட்டவை இறந்தன என்று 1990 டிசம்பரில் ஆம்னஸ்டி எழுதியது. போரை ஆதரித்தோருக்கு அது வலிய வாதமாயிற்று. அமெரிக்க ஜனாதிபதியே அந்த அறிக்கையைச் சுட்டிப் பேசினார். போர் முடிந்தபின், 1991 ஏப்ரலில், நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லையென்று ஸ்தாபனமே ஒப்புக்கொண்டது. அந்த அறிக்கை கூறிய சித்திரவதைகளும் கொலைகளும் அதனால் பொய்யாகிவிடவில்லை. ஆயினும் பின்னர் பலரும் எடுத்துப் பேசியது குழந்தைகளின் கதையைத்தான்.