செவியைத் தீட்டுவோம், மருத்துவம் பயில்வோம்

ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் இரவும் பகலும் ஓடும் ஊர் நம் ஊர். தாய்க்கு ஒரு ஷிப்டு, தந்தைக்கு ஒரு ஷிப்டு என உழைக்கும் இல்லங்களிலிருந்து வரும் நம்மில், மருத்துவராகும் கனவு காண்போர் பலர். ஆனால் சிலர், "ஆசிரியை சொன்னால் மனத்தில் நிற்கிறது, புத்தகத்தைப் பார்த்தால் நிற்பதில்லை. தடித்த மருத்துவ நூல்களை எப்படிப் படிப்போம்?" என்று அஞ்சிப் பின்வாங்குகின்றனர். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

மருத்துவம் செவியாலும் வளர்ந்த கலையன்றோ? ஆஸ்திரிய மருத்துவர் அவுன்புருக்கர், மார்பைத் தட்டி ஒலியால் நோயறியும் முறையை 1761-இல் வெளியிட்டார். பிரெஞ்சு மருத்துவர் லென்னக் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. வால்வுகள் மூடும்போது எழும் 'லப்', 'டப்' ஒலிகளைக் கேட்டுக் கேட்டே பழக வேண்டும்; படித்தால் மட்டும் வாராது.

எனினும், காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்லக் கூரத்தாழ்வான் எழுதினாராம். கருத்துப் பொருந்தவில்லை எனத் தோன்றினால் எழுதாமல் நிறுத்திவிடுவாராம். அப்படி மனம் விழித்திருந்து கேட்பதே கேள்வி.

இனி, கடைப்பிடிக்க வேண்டிய வழிகளைக் காண்போம்.

1. வகுப்புக்கு முன் பாடத் தலைப்புகளை ஒருமுறை பார்த்துச் செல்வோம். தெரிந்த பெயர் காதில் எளிதில் தங்கும்.

2. வீடு திரும்பியதும் நூலை மூடிவிட்டு, கேட்டதை வாய்விட்டுச் சொல்வோம். விட்டுப்போனதை நூலில் தேடுவோம்.

3. கைப்பேசியில் நம் குரலிலேயே வினாவைப் பதிவோம். சற்று மௌனம் விட்டு விடையைப் பதிவோம். பஸ்ஸில் கேட்கையில், அம்மௌனத்தில் நாமே விடை கூறுவோம். ஆசிரியர் உரையைப் பதிவதாயின் அனுமதி பெறுவோம்.

4. தோழியர் இருவருள் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருத்துவராகவும் உரையாடுவோம். பிறருக்கு விளக்கும்போதே நம் ஐயம் வெளிப்படும்.

5. எலும்பு, நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றைக் கேட்டபடியே வரைவோம். உடற்கூறு கண்ணும் கையும் சேர்ந்து கற்பது.

6. ஒரே நாளில் பத்து முறை கேளாமல், சில நாள் இடைவெளி விட்டுக் கேட்போம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'செவியால் கற்பவர், கண்ணால் கற்பவர்' என மாணவரைப் பிரித்துக் கற்பித்தால் பயன் கூடும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2008-இல் அமெரிக்க உளவியலார் ஆராய்ந்து கூறினர். நினைவை வலுப்படுத்துவது, நூலைப் பாராமல் நினைவிலிருந்து மீட்டுச் சொல்வதே. ஆகவே, "எனக்குப் படிப்பு ஏறாது" என்று எவரும் தமக்குத் தாமே முத்திரை குத்திக்கொள்ள வேண்டுவதில்லை.

பெற்றோரே! ஷிப்டு முடிந்து களைத்து வந்தாலும், உங்கள் மகள் பாடம் சொல்வதைப் பத்து நிமிடம் கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவள் சொன்னால், அவளுக்கும் அது புரிந்துவிட்டது என்று பொருள்.

இன்று பாடத்தைச் செவிமடுப்போம். நாளை நோயாளியின் துயரைச் செவிமடுப்போம்!