ஒரு பெயர் சென்ற வழி

நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் வரலாற்று விடைத்தாள் ஒன்றைத் திருத்தினேன். 1497இல் பிரிஸ்டல் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு வட அமெரிக்கக் கரையை அடைந்தவர் யார் என்பது வினா. ‘ஜொவான்னி கபோட்டோ’ என்று எழுதியிருந்தான் ஒரு மாணவன். பாடநூலிலோ ஜான் காபட் என்றிருந்தது. சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மறுநாள் அவன் நூலகப் புத்தகம் ஒன்றை விரித்தபடி என்முன் வந்து நின்றான். வெனிஸ் நகரக் குடிமகராகிய அவர், இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் ஆணை பெற்றுக் கடலோடியவர். தம் மக்களிடையே ஜொவான்னி, ஆங்கிலேயரிடையே ஜான். பிழை என்னுடையதே. மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பெயரின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியதும் அன்றுதான்.

மாணவர்களே, இப்பெயரின் வேர் எபிரேய மொழியில் உள்ள ‘யோஹனான்’ என்பது. ‘யோ’ இறைவன் திருப்பெயரின் சுருக்கம். ‘ஹனான்’ என்றால் அருள்புரிந்தான். கிரேக்கர் சொல்லின் நடுவே ஹகரத்தை எழுதுவதில்லை. ஆகவே, நாம் ஹரனை அரன் ஆக்கிக்கொண்டதுபோல, அவ்வொலியை நீக்கித் தம் மொழி விகுதியையும் சேர்த்து ‘இயோவான்னெஸ்’ என்றனர். இலத்தீனில் அது ‘யோஹன்னெஸ்’ ஆயிற்று.

ஜெர்மானியர் யகரத்தைக் காத்தனர்; ஆனால் செல்லமாக அழைக்கும்போது பெயரின் தலையையே வெட்டி ‘ஹான்ஸ்’ என்றனர். செக் மொழியில் யான், ஹங்கேரியில் யானோஷ். பழம்பிரெஞ்சில் யகரம் ஜகரமாகத் திரிந்தது. 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மானியரின் மொழிவழியே அந்த ஜகரம் ஆங்கிலத்திற் குடியேறியது. பின்னாளில் பிரெஞ்சுக்காரர் அதை மென்மையாக்கிக்கொண்டனர். அவ்வொலியை நாம் ‘ழான்’ என்று எழுதுகிறோம். எனினும் அது நம் ழகரம் அன்று. ஆங்கிலேயரோ பழைய வல்லொலியை இன்றும் விடவில்லை. கடன் வாங்கியவன் வீட்டில் பொருள் பத்திரமாயிருக்க, கொடுத்தவன் வீட்டில் அது உருமாறிவிட்டது!

அயர்லாந்தில் இப்பெயர் இருமுறை நுழைந்தது. முன்னர் இலத்தீனிலிருந்து பெற்றது ‘ஓவின்’. பின்னர் நார்மானியர் ஜகரத்தோடு வந்தனர்; ஐரிஷ் மொழியில் அவ்வொலி இன்மையால் ‘ஷான்’ பிறந்தது. இரண்டும் ஒரே பெயர் என்பதை அறியாமல் ஒரே வீட்டில் இரு பிள்ளைகளுக்கும் இட்டுவிடலாம்.

ஸ்பானியர் ‘ஹுவான்’ என்பர். ருஷியர் ‘இவான்’ என்பர். 1547இல் முடிசூடிய ருஷிய மன்னர் நான்காம் இவானும், ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்கும் ஒரே பெயரினர் என்று கேட்டால் வியப்பாயில்லையா?

தமிழில் விவிலியம் வழங்கும் வடிவம் யோவான். ஆயினும் வேறொரு வழியும் இங்கே தோன்றியது. லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, தமிழ்நாட்டில் சமயப்பணி செய்தபோது அருளானந்தர் எனப் பெயர் பூண்டார். 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த அவரை மக்கள் அப்பெயராலேயே அறிவர். கத்தோலிக்கத் தமிழர் யோவானை அருளப்பர் என்றும் வழங்கினர். ஐரோப்பியர் ஒலியைப் பற்றிக்கொண்டு பொருளை மறந்தனர். இங்கே ஒலி போயிற்று, ‘ஹனான்’ என்பதன் பொருளாகிய அருள் நின்றது. இதைக் கேட்கும் மாணவருள் அருளப்பன் எவரேனும் இருப்பின், ஹான்ஸும் இவானும் அவருடைய பெயரையே தாங்கியவர்கள்.