பஸ் என்ஜினுக்கும் ஜுரம் வரும்!



காலையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ரோட்டுல நின்னு பாருங்க. ஷூ கம்பெனிக்கு ஆள் ஏத்திப் போற பஸ்கள் வரிசையா போகும். அதுல பழைய வண்டிகளும் நிறைய. நம்ம அம்மா, அக்கா பல பேர் அதுலதான் வேலைக்குப் போறாங்க. பஸ் நடுவழியில நின்னா ஐம்பது பேருக்கு லேட்டு. அந்த நாள் கூலிக்கே ஆபத்து!

என் சித்தப்பாவிடம் அப்படி ஒரு பழைய லேலண்டு பஸ் இருக்கு. போன வெயில்ல அதோட ஆயில் கூலர் ஓட்டையாயிடுச்சு. புதுசா எந்த மாதிரி கூலர் போடுறதுன்னு வீட்டுல பெரிய பேச்சு. அப்போது நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆயிலுக்கு எதுக்கு கூலர்?

டீசல் எரியும்போது வரும் சூட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுது. மீதிச் சூடு புகை வழியா, தண்ணி வழியா, ஆயில் வழியா வெளியே போகணும். ஆயில் வெறும் வழுவழுப்புக்கு மட்டும் இல்லை. தண்ணீர் போக முடியாத பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கும் பேரிங்குக்கும் போய் சூட்டை வாங்கிக்கொண்டு வருவதும் அதுதான்.

ஆயில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பயமில்லை. அதற்கு மேல் 10 டிகிரி கூடக் கூட, ஆயில் கெட்டுப்போகும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ரொம்ப சூடானால் ஆயில் இளகி தண்ணி மாதிரி ஆயிடும். இரும்பும் இரும்பும் உரசும். மெக்கானிக் பாஷையில் சொன்னா, "பேரிங் அடிச்சிடும்!" அப்புறம் என்ஜினையே இறக்கணும்.

கூலர் இரண்டு வகை

1. தண்ணீர் வகை: என்ஜின் பக்கத்திலேயே ஒட்டி இருக்கும். உள்ளே தகடுகள். ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் ரேடியேட்டர் தண்ணி. ஆயிலின் சூட்டைத் தண்ணி வாங்கிக்கும். குளிர் காலையில் தண்ணி சீக்கிரம் சூடாகி ஆயிலையும் சூடாக்கும். இது கூடுதல் லாபம். குறை என்னன்னா, தகடு ஓட்டையானால் ஆயிலும் தண்ணியும் கலந்துடும். ரேடியேட்டரில் ஆயில் மிதக்கும். ஆயிலில் தண்ணி கலந்தால் பால் டீ மாதிரி நிறம் மாறும்.

2. காற்று வகை: சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும். ஆயில் அதுக்குள்ளே ஓடும், காற்று பட்டு ஆறும். தண்ணியோடு கலக்கும் பயம் இல்லை. ஆனா நீளமான டியூப் போடணும். டியூப் வெடிச்சா சில நிமிஷத்துல ஆயில் முழுக்க ரோட்டுல! தூசி அடைக்கும். வண்டி மெதுவாகப் போனால் காற்றும் கிடைக்காது.

நம்ம ஊருக்கு எது?

ஏலகிரி மலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சின்ன கியர், மெதுவான வேகம், முழு பாரம். என்ஜின் அதிகம் சூடாகும் நேரத்தில் எதிர்க்காற்று குறைவு. தனி ஃபேன் இல்லாமல் காற்று கூலர் அங்கே திணறிடும். மே மாதத்தில் வேலூர் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும் வெயில் வேறு! அதனால் தண்ணீர் வகைதான் நமக்குப் பொருத்தம்னு தோணுது இல்லையா? அங்கேதான் மெக்கானிக் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்: "சரி, ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துற?"

சித்தப்பா ஊத்தியது போர் தண்ணி. பழைய கூலரைப் பிரிச்சா உள்ளே வெள்ளையா உப்புப் படிவம்! செம்பு சூட்டைக் கடத்தும் அளவில் நூறில் ஒரு பங்குகூட இந்தப் படிவம் கடத்தாது. ஆயிலுக்கும் தண்ணிக்கும் நடுவில் கம்பளி போர்த்தின மாதிரிதான்.

நம்ம பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுவாங்க. தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் சேரும். பல வருஷமா அது பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கியது. இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் கெட்டுப்போனதை 1996-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. தோலுக்குப் போடும் உப்பு தண்ணியில் கரைந்தே இருக்கும்; நம்ம அம்மாக்கள் போகும் பஸ்ஸின் கூலரை அடைப்பது போர் தண்ணியில் உள்ள சுண்ணாம்பு வகை உப்புகள்தான்!

"தண்ணிய மாத்தாம கூலரை மட்டும் மாத்தினா காசு வீண்" என்றார் அண்ணன். சித்தப்பா தண்ணீர் வகையே போட்டார். ரேடியேட்டரையும் சுத்தம் பண்ணினார். இப்போது மழைத்தண்ணி பிடிச்சு, கூலன்ட் கலந்து ஊத்துறார். வெறும் மழைத்தண்ணி மட்டும் ஊத்தினால் துரு பிடிக்கும், கூலன்ட் கட்டாயம். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது நினைவிருக்கட்டும். மொட்டை மாடித் தண்ணி என்ஜினுக்கும் உதவும்!

செய்து பாருங்கள்

இரண்டு எவர்சில்வர் கரண்டி எடுங்க. ஒன்றில் போர் தண்ணி, இன்னொன்றில் மழைத்தண்ணி. பெரியவங்க துணையோடு, தண்ணி வற்றும்வரை சூடாக்குங்க. எந்தக் கரண்டியில் வெள்ளைக் கறை அதிகம்? கூலரை அடைக்கும் எதிரியும் அந்தக் கறையில்தான் இருக்கு.

எச்சரிக்கை: சூடான ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணி முகத்தில் அடிக்கும்!

உங்க வீட்டில் யாராவது கம்பெனி பஸ்ஸில் போறாங்களா? டிரைவர் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்க: "ரேடியேட்டருக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க அண்ணா?"