நாடா தயாரா? நகலெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பாகூர் கொம்யூனில் ஒரு கிராமப் பள்ளியில் கணினி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பாகூர் ஏரியைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் எங்கள் மாணவர்கள் கேட்டுப் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் ஆய்வகக் கணினியில் இருந்தன. அவற்றை நாள்தோறும் மாலையில் வெளி வன்தட்டுக்கு நகலெடுக்க லினக்ஸில் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். ‘நகலெடுப்பு முடிந்தது’ என்ற செய்தியும் தவறாமல் வந்தது. ஒருநாள் கணினியின் வன்தட்டு பழுதானது. வெளி வன்தட்டைத் திறந்து பார்த்தால், கடைசி ஏழு வாரப் பதிவுகள் அதில் இல்லை!

காரணம் எளியது. வடம் தளர்ந்து, வெளி வன்தட்டு இணையாமல் இருந்திருக்கிறது. அது இணைய வேண்டிய கோப்புறை மட்டும் காலியாக இருந்தது. நிரல் அதற்குள்ளேயே எழுதிவிட்டது. ஆக, மூலமும் நகலும் ஒரே வன்தட்டில்.

காந்த நாடாவைப் பயன்படுத்தும் யூனிக்ஸ் கணினிகளிலும் இதே சிக்கல் உண்டு. நாடா பழங்கதையன்று. 2011இல் ஜிமெயில் பயனர் சிலரின் அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் அவற்றை நாடாவிலிருந்தே மீட்டது. நாடா இயக்கியின் பெயரைத் தவறாக எழுதிவிட்டால், முழு அதிகாரத்துடன் ஓடும் ‘டார்’ கட்டளை அந்தப் பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்றைக் கணினிக்குள்ளேயே உருவாக்கிவிடும்.

எனவே நிரல் முதலில் மூன்றைச் சோதிக்க வேண்டும்.

1. அந்தப் பெயரில் உண்மையில் ஒரு சாதனம் இருக்கிறதா?

2. நாடா உள்ளே இருக்கிறதா? ‘எம்டி’ கட்டளையிடம் நிலையைக் கேட்டால், லினக்ஸில் ‘ஆன்லைன்’ என்ற சொல் வர வேண்டும். நாடா இல்லாதபோதும் இக்கட்டளை பிழையின்றி முடியக்கூடும். ஆகவே முடிவு எண்ணை மட்டும் நம்பாமல் விடையைப் படிக்க வேண்டும். நாடா ஏறிச் சுற்றச் சில நொடிகள் ஆகும். சற்றுக் காத்திருந்து மீண்டும் கேட்பது நல்லது.

3. எழுத்துத் தடை போடப்பட்டுள்ளதா?

ஒன்று தவறினாலும் நிரல் நின்று, காரணத்தைச் சொல்ல வேண்டும்.

நம் பள்ளிகளில் நாடா இல்லை. விரலியும் வெளி வன்தட்டும்தான். அங்கே ‘மவுண்ட்பாயிண்ட்’ கட்டளை இதே வேலையைச் செய்யும். அது 0 என்று விடை தந்தால்தான் நகலெடுக்கலாம். பின்னர் வாரம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

இதை வகுப்பில் செய்துகாட்டலாம். விரலியைக் கழற்றிவிட்டு நிரலை ஓட்டச் சொல்லுங்கள். “சார், முடிஞ்சதுன்னு வருது, ஆனா ஒண்ணும் இல்லையே!” என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். பிறகு ‘இஃப்’ கூற்றைச் சேர்க்கச் சொன்னால், நிபந்தனை எதற்கு என்பது விளங்கிவிடும்.

9ஆம் நூற்றாண்டில் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்ட செய்தி, நிருபதுங்கவர்மன் காலச் செப்பேட்டால் இன்றும் நமக்குத் தெரிகிறது. எங்கள் மாணவர்கள் தொலைந்த பதிவுகளுக்காக மீண்டும் வீடு வீடாகச் சென்றார்கள். பெரும்பாலானவர்கள் மறுபடி பேசினார்கள். ஒரு பாட்டி மட்டும் அதற்குள் காலமாகிவிட்டார்.