இரட்டை நட்சத்திரத்தை எடை போடலாம் வாங்க!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரம் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள். அப்புறம்? என் அப்பா அதன் மேல் துண்டு போட்டு மூடி வைத்துவிட்டார். கடலூரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் சாஃப்ட்வேர் எஞ்சினியராக இருக்கும் நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. "கண்ணு கூசுதுப்பா" என்பார். சாக்கு சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கடந்த மே மாதம் லீவில் போனபோது அதில் ஸ்டெல்லேரியம் என்ற சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தேன். முற்றிலும் இலவசம். உங்கள் ஊர் வானத்தை மானிட்டரில் அப்படியே காட்டும். ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் இயங்கும். முதல் வேலையாக எஃப் 6 கீயை அழுத்தி உங்கள் ஊரைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யாவிட்டால் வேறு ஏதோ ஊர் வானத்தைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டரைத் திட்டுவீர்கள். (நான் திட்டினேன்.) பிறகு எஃப் 3 அழுத்தி, தேடும் பெட்டியில் ரிஜில் கென்டாரஸ் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். நாலைந்து எழுத்து அடித்ததுமே பெயர் கீழே வந்துவிடும். ஆல்ஃபா சென்டாரியின் இன்னொரு பெயர் இது. மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கினால், ஒரு புள்ளி இரண்டாகப் பிரியும்.

இது இரண்டு சூரியன்கள் ஒன்றையொன்று சுற்றும் அமைப்பு. தூரம் சுமார் 4.34 ஒளியாண்டு, அதாவது 41 லட்சம் கோடி கிலோமீட்டர். வெறும் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில், நம் சூரியனை விட்டால் இதைவிடப் பக்கத்தில் வேறில்லை. பிராக்ஸிமா என்ற சிறிய சிவப்புக் குள்ளன் இன்னும் கொஞ்சம் அருகில் இருக்கிறது, ஆனால் டெலஸ்கோப் இல்லாமல் தெரியாது. ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல இரண்டு என்று கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் உள்ள புதுச்சேரியில்! 1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக் கொண்டிருந்த ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் டெலஸ்கோப்பில் தற்செயலாகச் சிக்கியது.

இதைச் சொன்னதும் அப்பாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு மொட்டை மாடி ஏறினோம். தெற்கே, அடிவானத்துக்குச் சற்று மேலே பளிச்சென்று இருந்தது. கடலூரில் அதிகபட்சம் 17 டிகிரி உயரம்தான் வரும். அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கு எதுக்குப்பா டெலஸ்கோப்? எனக்கு வெறும் கண்ணுக்கே ரெண்டாத்தான் தெரியுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட். நல்ல கண்ணுக்கே சுமார் 60 ஆர்க்செகண்ட் இடைவெளி இருந்தால்தான் இரண்டாகத் தெரியும். இந்த ஜோடி எவ்வளவு விலகினாலும் 22-ஐத் தாண்டாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னேன். அப்போதும் இரண்டு. பக்கத்து நட்சத்திரமும் இரண்டு. தெருவிளக்கு மூன்றாம்!

மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. "உனக்கு எதுக்கு வீண் செலவுன்னு சொல்லலை" என்றார். எனக்குக் கோபம் வந்தது, என் மேலேயும்தான். "கண்ணு கூசுது" என்று அவர் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!

ஜூனில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. ஓய்வில் இருந்தவர் போனில் கேட்டார்: "எடை எவ்வளவுன்னு எப்படிப்பா கண்டுபிடிக்கிறாங்க? தராசிலயா வைக்க முடியும்?"

கெப்ளரின் மூன்றாவது விதி போதும். சுற்றும் காலத்தை ஆண்டிலும், சராசரி இடைவெளியை வானியல் அலகிலும் எடுத்துக் கொள்ளுங்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்தான் ஒரு வானியல் அலகு, சுமார் 15 கோடி கிலோமீட்டர். இந்த ஜோடியின் சராசரி இடைவெளி, கோண அளவில் 17.49 ஆர்க்செகண்ட். அங்கே ஒரு வானியல் அலகு 0.7508 ஆர்க்செகண்டாகத் தெரியும். வகுத்தால் 23.3. ஒரு சுற்றுக்கு 79.8 ஆண்டு. எக்செல்லைத் திறந்து ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படி டைப் செய்யுங்கள்:

=23.3^3/79.8^2

என்டர் தட்டினால் 1.986 வரும். இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு சூரியன் எடை! எடை கூடியது பொது மையத்துக்குப் பக்கத்தில் சின்ன வட்டமாகவும், குறைந்தது பெரிய வட்டமாகவும் சுற்றும். அந்த விகிதத்தை அளந்து பிரித்தால் 'ஏ' 1.08 சூரியன், 'பி' 0.91 சூரியன். 'ஏ' நம் சூரியனைவிட ஒன்றரை மடங்கு வெளிச்சம். 'பி' பாதிதான், கொஞ்சம் ஆரஞ்சு நிறம். வட்டம் என்று பேச்சுக்குச் சொன்னேன், உண்மையில் நன்றாக நீண்ட நீள்வட்டம். நெருங்கும்போது இடைவெளி 11 அலகு, விலகும்போது 36. அடுத்து நெருங்குவது 2035-ல்.

அப்பா நம்பவில்லை. லாக் டேபிளை எடுத்து, கையால் போட்டு 1.99 என்று கொண்டுவந்த பிறகுதான் கம்ப்யூட்டர் சரி என்று ஒப்புக்கொண்டார்.

ஜூலை முதல் வாரம் இரவு எட்டு மணிக்கு மறுபடி மாடி ஏறினோம். ஆபரேஷன் ஆகாத கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுதான்" என்றார்.

இன்னொரு கண்ணுக்கு ஆகஸ்ட்டில் தேதி கொடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் மேல் இப்போது துண்டு இல்லை. அடுத்து அவர் சிரியஸை எடை போடுகிறார். அதுவும் இரட்டைதான்: இடைவெளி 19.8, காலம் 50.1 ஆண்டு. உங்கள் எக்செல்லிலும் அடித்துப் பாருங்கள். மூன்றுக்குச் சற்று மேலே வந்தால் சரி.