உஷார்! திட்டுதானே என்று விடாதீர்கள்

வீட்டில் ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிறதா? "நான் கை நீட்டுவதே இல்லை, வாயால் திட்டுவதோடு சரி" என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அந்த நிம்மதி ஆபத்தானது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆய்வாளர்கள் மிங்-தே வாங், சாரா கென்னி இருவரும் 976 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவுகள் 2013-ல் வெளியாயின. 13 வயதில் கத்தலும் வசவும் அவமானமும் வாங்கிய பிள்ளைகளுக்கு அடுத்த ஓராண்டில் மனச்சோர்வின் அறிகுறிகள் அதிகரித்தன. பொய், சண்டை, முரட்டுத்தனமும் கூடின. பிள்ளை முரண்டு பிடிக்கப் பிடிக்கப் பெற்றோரின் குரலும் ஏறியது. என்னைப் பதறவைத்தது வேறொன்று: மற்ற நேரங்களில் பாசத்தைக் கொட்டும் வீடுகளிலும் இதே பாதிப்புதான். காலையில் "நீயெல்லாம் எங்கே உருப்படப்போறே" என்று சொல்லிவிட்டு ராத்திரி முறுகலாக நெய்தோசை வார்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று எத்தனை வீடுகளில் நம்புகிறோம்! சரியாவதில்லை.

இந்த வயதில் உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முதிர்ந்திருக்காது. அதற்கு இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும்.

பெற்றோர் மாறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிராமங்களில் ஆய்வாளர் ஜீன் பிராடி குழுவினர் பார்த்தார்கள். 2001-ல், கறுப்பினக் குடும்பங்களின் 11 வயதுப் பிள்ளைகளும் பெற்றோரும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு கூட்டம், மொத்தம் 7 வாரம். விதிகளை மாற்றாமல் கடைப்பிடிப்பது, பிள்ளை எங்கே யாருடன் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது, மனம்விட்டுப் பேசுவது, காதுகொடுத்துக் கேட்பது. இவையெல்லாம் பாடத்தில் இருந்தன. 25 வயதில் 119 பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். பயிற்சி கிடைக்காதவர்களில், வறுமையில் கழிந்த ஆண்டுகள் கூடக்கூட மூளையின் ஹிப்போகேம்பஸும் அமிக்டலாவும் சிறுத்திருந்தன. நினைவும் உணர்ச்சியும் குடியிருக்கும் இடங்கள் அவை. பயிற்சி பெற்ற வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தச் சிறுத்தல் தென்படவில்லை. சிறு எண்ணிக்கைதான், பயிற்சிக்கு முன்பு எடுத்த ஸ்கேனும் இல்லை. ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாத சேதி.

ஆகவே, பிள்ளையின் மூளையைத் 'தூண்டுகிறோம்' என்று பணம் கேட்கும் வகுப்புகளிடம் ஏமாறாதீர்கள். ஜார்ஜியாவில் மாறியது பெற்றோரின் பேச்சும் பழக்கமும். பள்ளியிலோ மருத்துவமனையிலோ பெற்றோருக்கான பயிற்சி நடந்தால் அம்மாவை மட்டும் அனுப்பாமல் அப்பாவும் போய் உட்காருங்கள். பிள்ளை இரண்டு வாரமாகச் சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கினால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இன்றே பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.